கெளுத்திக்குள் லம்துவான்

லம்துவானுக்கு நேர்ந்ததில் பாதிப் பழி என்னுடையது. மீதியைக் கம்னன் சம்ரானும் ஊரும் பங்கு போட்டுக்கொள்ளட்டும். நான் தாசாய் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். கால்பந்து சீசன் வந்துவிட்டால் சனிக்கிழமைகளில் ஊர் மைதானத்தில் மைக் பிடிப்பவன். கையில் மைக் இருக்கிறதே என்று ஒரு நாள் வாய்க்கு வந்ததைப் பேசிவைத்தேன். அந்தப் பேச்சு ஒரு பெண்ணை ஆறு மாதம் மீனுக்குள் அடைத்துப் போட்டது.

மீன் என்றால் மேக்கோங் ஆற்றுப் பெருங்கெளுத்தி. எங்கள் அணியின் சின்னம் அதுதான். மைதானத்தில் அதற்கு ஒரு வேஷம் உண்டு. பஞ்சு திணித்துத் தைத்த சாம்பல் நிற உடம்பு, சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் இரண்டு கண், ஒரு முழ மீசை. அந்தக் கண் வழியாக உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. வாயில் கட்டிய கறுப்பு வலை வழியாகத்தான் பார்க்க வேண்டும். அதிலும் எதிரே நிற்பவரின் நெஞ்சுக்குக் கீழேதான் தெரியும். யார் சிரிக்கிறார், யார் முறைக்கிறார் என்பது தெரியாமலே கையாட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

லம்துவான் எங்கள் அணிக்குத் துணி துவைப்பவள். நாற்பத்தாறு வயது. மைதானத்தின் கிழக்குப் பக்கத்துப் படிக்கட்டுகளுக்கு அடியில் அவளுக்கு ஓர் அறை. இருபத்தெட்டு ஆட்டக்காரர்களின் ஜெர்சியையும் எண்ணைப் பார்க்காமல் மோந்தே ஆளைச் சொல்லிவிடுவாள். "இது கோல்கீப்பரோடது. பய நேத்து மறுபடி பீர் குடிச்சிருக்கான்" என்பாள். சோப்பு வாசனை இல்லாத அவளை யாரும் பார்த்ததில்லை.

புருஷன் தைவானுக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். ஒன்பது வயது மகனோடு நின்றவளுக்கு மைதானத்தில் வேலையும் அறையும் கொடுத்தவர் கம்னன் சம்ரான். கம்னன் என்பது அவர் முன்னாளில் வகித்த ஊர்த் தலைவர் பதவி. பதவி போய் வெகுகாலமாகியும் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அணியின் நிர்வாகத் தலைவரும் அவர்தான். அதே வருஷ மழைக்காலத்தில் அந்த மகன் வித்தயாவுக்கு டெங்கு வந்து மூக்கில் ரத்தம் கொட்டியது. ஆறு ரோட்டில் ஏறி நின்றது, ஆம்புலன்ஸ் வர முடியவில்லை. கம்னன்தான் பையனைத் தன் பிக்கப் வண்டியின் முன் சீட்டில் படுக்கவைத்து, முழங்கால் தண்ணீரில் வண்டியை ஓட்டி, மாகாண ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அதை அவர் ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டுகிற மனிதரோடு சண்டையாவது போடலாம். சொல்லாதவரை என்ன செய்வது? லம்துவான் பதினான்கு வருஷமாக அவர் எதிரே வரும்போதெல்லாம் ஒதுங்கி நின்று கைகூப்பிக் கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கத்து லீக்கில் பன்னிரண்டு அணிகள். ஆளுக்கு இருபத்திரண்டு ஆட்டம், கடைசியில் நிற்பவன் லீக்கை விட்டே வெளியே. அந்த சீசனில் முதல் ஆறு ஆட்டத்தில் ஐந்து தோல்வி, ஒரு டிரா. ஏழாவது ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, மீன் வேஷம் போடுகிற தண்ணீர் லாரி டிரைவர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தோள்பட்டையை முறித்துக்கொண்டான் என்று செய்தி வந்தது. ஈர சாக்ஸ் நிறைந்த வாளியோடு லம்துவான் அந்த வழியாகப் போனாள். உயரம் சரியாக இருந்தது. கூப்பிட்டவன் நான்.

"ஆம்பளைங்க யாரும் கிடைக்கலையா வாத்தியாரே?" என்றாள்.

"இருக்கிறவனுங்களுக்கு எல்லாம் தொப்பை. மீன் வயித்துக்குள்ள இன்னொரு வயிறு போகாது. ஒரு நாள்தானே அக்கா. ஆடக்கூட வேணாம், சும்மா உள்ள போய் நில்லுங்க."

நின்றாள். வெட்கத்தில் கையைக்கூட அசைக்கவில்லை, வாயும் திறக்கவில்லை. நாங்கள் மூன்றுக்கு பூஜ்யம் என்று ஜெயித்தோம். மூன்றாவது கோல் விழுந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மைக்கை எடுத்துக் கத்தினேன்: "தாசாய் ஜனங்களே! ஆத்துக்கு அடியில இருந்து நம்ம கெளுத்தியம்மா எந்திரிச்சு வந்துட்டா! அவ நிக்கிற வரைக்கும் நமக்குத் தோல்வியே கிடையாது!"

கூட்டம் எழுந்து நின்று கெளுத்தியம்மா, கெளுத்தியம்மா என்று கத்தியது. சின்ன ஊர். சும்மா கிடந்த வாய்களுக்கு அவல் கிடைத்துவிட்டது.

கம்னன் அன்று மாலையே மைதானத்து மூலையில் இருக்கும் காவல் தெய்வத்தின் மாடத்துக்குப் போனார். ஊதுவத்தி கொளுத்தி, ஒன்பது அவித்த முட்டை படைத்து, 'அணியைக் காப்பாற்று, சீசன் முடியும் வரை அதே ஆள்தான் மீனுக்குள் இருப்பாள்' என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். வாக்கு அவருடையது, உடம்பு இவளுடையது. எங்கள் ஊரில் இப்படி நேர்ந்துகொள்வதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. மகனைத் துறவியாக்குகிறேன் என்று தாய் வேண்டிக்கொள்வாள், மகன் தலையை மழித்துக்கொண்டு போய் உட்காருவான். வாக்குத் தவறினால் வேண்டிக்கொண்டவரைத் தெய்வம் கேட்காது, வேண்டப்பட்டவனைத்தான் பிடிக்கும் என்று பயம்.

அடுத்த ஆட்டம் வெளியூரில். அங்கேயும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார்கள், ஜெயித்தோம். அதற்கடுத்த ஆட்டத்தில் பாதி நேரத்தில் தண்ணீர் குடிக்கத் தலையைக் கழற்றினாள். மாட்டுவதற்குள் எதிராளி கோல் போட்டுவிட்டான். அன்றிலிருந்து சட்டங்கள் பிறந்தன. ஆட்டம் முடியும் வரை தலையைக் கழற்றக் கூடாது. உள்ளே போனபின் பேசக் கூடாது. முதல் நாள் சாப்பிட்ட அதே கடைச் சுட்ட கோழியும் ஒட்டரிசிச் சோறும்தான் சாப்பிட வேண்டும். கடைசியாக ஒன்று: அதிர்ஷ்டம் கழுவிக்கொண்டு போய்விடும் என்பதால் வேஷத்தைத் துவைக்கவே கூடாது.

துணி துவைத்துப் பிழைக்கிறவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனையை யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஜனவரியில் அந்த வேஷத்தின் பக்கத்தில் நாய்கூடப் படுக்காது. லம்துவான் மூக்கில் மருந்துத் தைலத்தைத் தடவிக்கொண்டு உள்ளே போவாள். வெளியே வந்ததும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொள்வாள். அப்படியும் நாற்றம் போகவில்லை என்று தேய்த்துத் தேய்த்துக் கழுத்தெல்லாம் தோல் உரிந்து கிடந்தது.

ஜனங்களோ மீனை ஒரு கோயில் மரம்போல ஆக்கிவிட்டார்கள். பவுடர் டப்பாவோடு வருவார்கள். மீனின் விலாவில் பவுடரைத் தேய்த்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, லாட்டரிக்கு எண் தேடுவார்கள்.

"இது ஏழு மாதிரி தெரியுது."

"உன் கண்ணுல மண்ண போட. ஒண்ணுடா அது. அக்கா, கொஞ்சம் திரும்பி முதுகக் காட்டுங்க."

அவள் திரும்புவாள். பேசத்தான் கூடாதே.

தோற்ற வாரத்தில் வேறு மாதிரி. சந்தையில் கருவாட்டுக்காரி முகம் கொடுக்கமாட்டாள். "முந்தாநாள் கோழிக்குப் பதிலா நூடுல்ஸ் தின்னியாமே" என்று விசாரிப்பார்கள். அவள் எங்கே போகிறாள், எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறாள் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஜெயித்தால் விடமாட்டார்கள், தோற்றால் சும்மா விடமாட்டார்கள். நான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு மைக்கில் ஜோக்கடித்துக்கொண்டிருந்தேன். என்னை நினைத்தால் எனக்கே எரிச்சலாக வருகிறது.

அவளைக் கிண்டல் செய்து சிரிக்கவைக்கிற ஒரே ஆள் பிக்குன். மைதான வாசலில் பச்சைப் பப்பாளிக்காயை உரலில் இடித்துச் சாலட் விற்பவள், லம்துவானோடு பள்ளியில் படித்தவள்.

"ஏண்டி, இன்னிக்கு நீ மனுஷியா மீனா? மீனுன்னா சொல்லு, இஞ்சி போட்டு ஆவியில வெச்சுடறேன்."

"வை. அங்கயாவது கழுவி வைப்பல்ல" என்பாள் லம்துவான்.

ஜனவரியில்தான் வித்தயாவின் துறவுச் சடங்குக்கு நாள் குறித்தார்கள். பையன் தூரத்து ரயோங் நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். அங்கேயே ஒரதை என்று ஒரு பெண். ஜூனில் கல்யாணம். கல்யாணத்துக்கு முன் ஆண்பிள்ளை பதினைந்து நாளாவது காவி உடுத்திவிட்டு வர வேண்டும், அந்தப் புண்ணியம் பெற்றவளுக்குச் சேரும் என்பது எங்கள் வழக்கம். தொழிற்சாலையில் சரியாகப் பதினைந்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார்கள். லம்துவானின் அண்ணன் இருக்கும் அவள் பிறந்த ஊரில், ஏப்ரல் மூன்றாவது சனிக்கிழமை நாலு மணிக்கு முடி இறக்குவது, ஞாயிறு காலை காவி.

முடி இறக்கும்போது முதல் கற்றையைத் தாய் வெட்டித் தாமரை இலையில் வாங்க வேண்டும். பிறகு மகன் தாயின் காலைக் கழுவி, அதுவரை செய்த பிழைக்கெல்லாம் மன்னிப்புக் கேட்பான். லம்துவான் பதினான்கு வருஷமாக அந்தக் கத்தரிக்கோலைக் கையில் பிடிக்கிற நேரத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கென்று சொல்லிக்கொள்ள வேறு திருநாள் இல்லை.

மார்ச்சில் புயல் அடித்து இரண்டு மூன்று மைதானங்களில் கூரை பறந்தது. லீக் நிர்வாகம் எல்லா ஆட்டங்களையும் ஒரு வாரம் தள்ளிவைத்தது. கடைசி ஆட்டம் ஏப்ரல் மூன்றாவது சனிக்கிழமை நாலு மணிக்கு வந்து விழுந்தது. நாங்கள் கடைசி இடத்தில். ஜெயித்தால் தப்பிப்போம், டிரா ஆனால்கூடப் போச்சு.

அவள் கம்னனைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனபோது நானும் அங்கே இருந்தேன். தரையில் உட்கார்ந்து, கைகூப்பி, ரொம்ப நேரம் துணிகளைப் பற்றியே பேசினாள். பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள்.

கம்னனின் முகம் உண்மையிலேயே வாடிவிட்டது. கெட்ட மனிதராக இருந்தால் இந்தக் கதையே இல்லை. "எனக்கு மட்டும் ஆசையா தங்கச்சி? நான் வாக்குக் கொடுத்துட்டேனே. வாக்க மீறினா சாமி யார் தலையில கைய வைக்கும்? உன் தலையில. இல்லாட்டி பையன் தலையில. முடிய உங்க அண்ணன் வெட்டட்டும். மீனுக்குள்ள நிக்க உன்ன விட்டா ஆள் ஏது? பையன் சடங்குக்கு மேளம், பந்தல், சாப்பாடு எல்லாம் என்னோடது. ஞாயித்துக்கிழமை மொத்த டீமையும் கூட்டிட்டு வர்றேன். சரியா?"

லம்துவான் சிரித்தாள். "ரொம்ப நன்றிங்க ஐயா" என்று மூன்று தடவை சொன்னாள். எங்கள் ஊரில் அழ வேண்டிய இடத்தில் சிரிப்பதற்குச் சின்ன வயதிலேயே பழக்கிவிடுகிறார்கள். நான் அவளோடு வெளியே வந்தேன், ஆறுதலாக ஏதோ உளறினேன். அவள் காதில் வாங்கவில்லை. "அண்ணன் கை நடுங்கும் வாத்தியாரே, பையன் காத வெட்டிடப் போறாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

இதன்பின் நடந்தது பிக்குன் பிற்பாடு எனக்குச் சொன்னது. பப்பாளி இடித்துக்கொண்டே அவள்தான் கணக்காக யோசித்திருக்கிறாள்.

"நீ உள்ள இருந்து ஜெயிச்சா அடுத்த சீசனும் நீதான். நீ உள்ள இருந்து தோத்தா, ஊரு உன்ன நார் நாரா கிழிச்சுடும். ஒரே வழிதான் இருக்கு. நீ இல்லாம ஜெயிக்கணும். அத எல்லாரும் பாக்கணும்."

"தோத்துட்டா?"

"தோத்தா நான் அந்தத் தலையக் கழட்டவே மாட்டேன். அப்படியே ஆத்துல குதிச்சு நீந்திப் போயிடறேன். யாருக்கும் தெரியாது."

"சாமிக்குத் தெரியுமேடி."

"வாக்குக் கொடுத்தது கம்னன். சாமிக்கு அட்ரஸ் தெரியும், அங்க போகட்டும்."

 வெள்ளிக்கிழமை லம்துவான் வேஷத்தைக் காட்டி, எந்தக் கயிற்றை எங்கே கட்டுவது என்று பிக்குனுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

சனிக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. கிழக்குப் பக்கத்து அறையிலிருந்து மீன் வெளியே வந்தது, ஜனங்கள் பவுடரோடு ஓடினார்கள். நான் மேலே மேடையில் மைக்கோடு உட்கார்ந்திருந்தேன். மீன் இடது கையை ஆட்டியது. லம்துவான் வலது கையைத்தான் ஆட்டுவாள். பிறகு மேளம் அடித்ததும் மீன் இடுப்பை ஆட்டிக் கையை மடக்கி விரித்து ஆடியது பாருங்கள், ஆறு மாதமாகக் கம்பம்போல் நின்ற மீன்! எட்டி வாசலைப் பார்த்தேன். பிக்குனின் கடை மூடிக் கிடந்தது.

 பக்கத்தில் இருந்த கம்னன், "இன்னிக்குக் கெளுத்தி குஷியா இருக்கு, நல்ல சகுனம்" என்றார். ஆமாம் ஐயா என்றேன். வேறு என்ன சொல்ல? வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டிருப்பதில் ஒரு பயன் இருந்தது.

முதல் பாதியில் எதிரணி எங்களை வறுத்தெடுத்தது. ஒரு பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஒன்றை எங்கள் கோல்கீப்பர் முகத்தால் தடுத்தான், கையால் தடுக்க நேரமில்லை. கண் வீங்கிப்போய் அப்படியே நின்றான். ஒவ்வொரு தடவையும் நான் மீனைப் பார்த்தேன். மைதானமே பந்தைப் பார்க்க, நான் ஒருவன் மட்டும் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோற்றுவிட்டால், தலையைக் கழற்றச் சொல்லி யாராவது இழுத்துவிட்டால், லம்துவானின் கதி என்ன?

ஐந்து மணி பதினெட்டு நிமிஷத்துக்கு ஒரு கார்னர். எங்கள் நெட்டைத் தடுப்பாட்டக்காரனின் தோளில் பட்டு, அவனுக்கே தெரியாமல் பந்து உள்ளே போனது. அதன்பின் அரை மணி நேரம் எப்படிப் போனது என்று எனக்கு நினைவில்லை. விசில் ஊதியதும் நான் மைக்கில் அழுதேன். அணி தப்பித்துவிட்டது.

ஜனங்கள் வேலியைத் தாண்டிக் குதித்து மீனைத் தூக்கினார்கள். தூக்கி இரண்டு தடவை எறிந்து பிடித்தார்கள். மூன்றாவது தடவை மீன் துவண்டு விழுந்தது. யாரோ தலையைக் கழற்றினார்கள். உள்ளே பிக்குன், மூஞ்சி அவித்த இறால்போலச் சிவந்து, கண் சொருகி.

 பிக்குன் முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். கண்ணைத் திறந்தவள் முதலில் கேட்டது, "ஜெயிச்சோமா?"

"ஜெயிச்சோம். லம்துவான் எங்க?" என்றார் கம்னன்.

"பையன் முடிய வெட்டப் போயிருக்கா. காலையில இருந்தே அவ அண்ணன் ஊர்லதான் இருக்கா. பாத்தீங்கல்ல? அவ இல்லாமலே ஜெயிச்சாச்சு. இனிமே அவள விட்டுடுங்க."

நான் மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்திருந்தேன்.  ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், ஒருவன் சிரித்தான், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். முடிந்தது, விடுதலை என்று நினைத்தேன். அவ்வளவு சுலபமாக முடிகிற ஊரா எங்கள் ஊர்?

கூட்டத்தில் ஒருத்தி போனைத் தூக்கிப் பிடித்தாள். லம்துவானின் அண்ணன் முடி இறக்கும் சடங்கை ஃபேஸ்புக்கில் நேரலை போட்டிருந்தார். மொத்தம் பதினோரு பேர் பார்த்த நேரலை. பெரிய பிக்கு வர நேரமாகி, சடங்கு தாமதமாகத் தொடங்கியிருக்கிறது. வெள்ளை வேட்டியில் வித்தயா கைகூப்பி உட்கார்ந்திருக்கிறான். லம்துவான் பட்டுச் சட்டை போட்டு, கத்தரிக்கோலை எடுத்து, முதல் கற்றையை வெட்டுகிறாள். அப்போது மணி ஐந்து பதினெட்டு.

"அதே நிமிஷம்" என்றாள் போன்காரி. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது, கையை எல்லோருக்கும் காட்டினாள்.

கம்னன் அந்தப் போனை வாங்கி மூன்று தடவை பார்த்தார். கண்ணில் தண்ணீர். மாடத்தை நோக்கி நடந்தார். ஊதுவத்தி வாசனை வந்தது. என்ன வேண்டிக்கொண்டார் என்று அன்று யாருக்கும் தெரியாது.

ஞாயிறு காலை சடங்குக்குத் தாசாய் ஊரே திரண்டது. பதினெட்டு கிலோமீட்டர், பிக்கப் பிக்கப்பாக வந்து இறங்கினார்கள். நீள மேளம் முழங்க, கண் வீங்கிய கோல்கீப்பர் உட்பட மொத்த அணியும் வந்து ஆடியது. அங்கேயும் மைக் என் கையில்தான். வித்தயா மொட்டைத் தலையோடு, வெள்ளை உடுத்தி, தாமரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். காவித் துணி மடிப்பைத் தலையில் வைத்து லம்துவான் முன்னால் நடந்தாள். விகாரையை மூன்று சுற்று. முதல் சுற்றில் அவள் முகத்தைப் பார்த்தேன். ஆறு மாதத்துக்குப் பிறகு அவள் முகம் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நடந்தாள். யாரும் அவளை நெருங்கி எதையும் தேய்க்கவில்லை. அப்படி ஒரு அழகு அவளுக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது சுற்று முடிந்ததும் கம்னன் ஊர்வலத்தை நிறுத்தினார். பெரிய பிக்குவின் முன் மண்டியிட்டார். என்னைக் கூப்பிட்டு மைக்கை வாயருகே பிடிக்கச் சொன்னார். பிடித்தேன்.

"சாமி, தாசாய் அணிய இந்தப் பையனோட முடிதான் காப்பாத்துச்சு. நேத்தே மாடத்துல வாக்குக் கொடுத்துட்டேன். நாங்க மேல் லீக்குக்குப் போற வரைக்கும் வித்தயா காவிய அவுக்க மாட்டான். பதினஞ்சு நாள் இல்ல, சாமி. போற வரைக்கும்."

கூட்டம் ஜெய கோஷம் போட்டது. ரயோங்கிலிருந்து வந்து பந்தலில் நின்ற அந்தப் பெண் ஒரதைக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் என்ன சொன்னார் என்று கேட்டாள். பெரிய பிக்கு கண்ணை மூடிக்கொண்டு, "காவி உடுத்துறவன் சொல்லட்டும்" என்றார்.

எல்லோரும் வித்தயாவைப் பார்த்தார்கள். அவன் கம்னனைப் பார்த்தான். முழங்கால் தண்ணீரில் வண்டி ஓட்டின அந்த மனிதர் அவன் முன்னால் மண்டியிட்டிருக்கிறார். அவன் முகத்தில் வந்த சிரிப்பை நான் முன்பே பார்த்திருக்கிறேன். கம்னன் வீட்டுத் தரையில், அவன் அம்மா முகத்தில். மேல் லீக்குக்கு நாங்கள் எந்தக் காலத்தில் போகப்போகிறோம்? பத்து வருஷமாகிறது, எட்டாம் இடத்துக்கு மேல் போனதில்லை. பையன் வாயைத் திறந்துவிட்டான்.

"ஐயா, முடியில ஒண்ணும் இல்ல."

பேசியது லம்துவான். தலையில் காவித் துணியோடு, திரும்பாமலே சொன்னாள். பிறகு திரும்பினாள்.

"முடி தானா விழலையே. வெட்டினது என் கை. அஞ்சு பதினெட்டுக்குக் கத்தரிக்கோலப் புடிச்சிருந்தது யாரு? நான் எங்க இருந்தாலும் அது என்னோடதான் இருக்கு. நேத்து வரைக்கும் எனக்கே தெரியல, இப்பத்தான் தெரிஞ்சுது. பிக்குன் மீனுக்குள்ள சும்மா துணி மாதிரி இருந்தா. ஜெயிச்சது என் கையால." அவள் கம்னனை நேராகப் பார்த்தாள். "தப்பான ஆளச் சொல்லிட்டு வந்துட்டீங்க ஐயா. இன்னிக்கே மாடத்துக்குப் போயி மாத்திடலாம், நானும் வர்றேன். மேல் லீக்குக்குப் போற வரைக்கும் மீனுக்குள்ள நான் நிக்கிறேன். நானா சொல்றேன், என் வாயால."

பிக்குன் கூட்டத்தில், "ஏய்!" என்று கத்தினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் பேசாதே என்று அடக்கினார்கள்.

இந்த அதிர்ஷ்டக் கதையில் ஒன்றைக்கூட நம்பாத பெண் அவள். கோழி தின்றால் கோல் விழும் என்று சொன்னவர்களை உள்ளூர ஏசிக்கொண்டே ஆறு மாதம் நின்றவள். என் கையில் மைக் இருந்தது. எல்லாம் வெறும் பேச்சு, முதலில் கிளப்பிவிட்டவன் நான்தான் என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் என் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் கம்னனின் மைத்துனர். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கம்னன் யோசித்தார். அவர் முகம் மெல்லத் தெளிந்தது. "ஆமா. கை. கைதான்" என்றார். எழுந்து லம்துவானைக் கும்பிட்டார். தன்னைவிட வயதில் சின்னவளான, துணி துவைக்கிற ஒருத்தியைக் கம்னன் கும்பிட்டதைப் பார்த்து ஜனங்கள் சிலிர்த்துப்போனார்கள். மேளம் மறுபடி தொடங்கியது. அவள் மூன்றாவது சுற்றை நடந்து முடித்து, காவியை மகனின் கைகளில் வைத்தாள். அவன் தேம்பித் தேம்பி அழுதான். புண்ணிய அழுகை என்று ஜனங்களும் கூட அழுதார்கள்.

மத்தியானம், கூட்டம் சாப்பிடப் போனபின், நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று விகாரைக்குள் போனேன். புது பிக்கு உயரத்தில் உட்கார்ந்திருந்தார். லம்துவான் கீழே தரையில். காலை வரை டேய் என்று கூப்பிட்ட மகனை இப்போது மூன்று தடவை விழுந்து வணங்கினாள். நான் தூணோரம் நின்றுவிட்டேன்.

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க? நான் இருந்திருப்பேனே. அவருக்காக இதுகூடச் செய்யலன்னா எப்படி?" என்றார் புது பிக்கு.

"இருந்திருப்பீங்க சாமி. அது தெரிஞ்சுதான் வாயத் தொறந்தேன்." அவள் தலையை நிமிர்த்தவில்லை, குரலை மட்டும் தாழ்த்தினாள். "பதினஞ்சாம் நாள் காவிய அவுத்ததும் நேரா பஸ் ஏறுங்க. கம்னன் வீட்டுல சொல்லிட்டுப் போறேன்னு மட்டும் போயிடாதீங்க. உக்கார வெச்சுச் சோறு போடுவாரு. நல்ல மனுஷன், சாமி. அதனாலதான் சொல்றேன், நிக்காம போங்க."